தந்திக் கந்தோரிற் பிறந்த வானொலி

சிலாபத்திற்குத் தெற்கே கடலோரமாகத் தென்னஞ்சோலைகள் செறிந்து கிடக்கும் இடத்தில் இரணவில என்னும் மீனவக் கிராமம் இருக்கிறது. ‘அமெரிக்காவின் குரல்’ தன் ஒலிபரப்பை ஆசியாவெங்கும் அஞ்சல் செய்வதற்கு ஒரு நிலையத்தை அங்கே நிறுவ முற்பட்டது. 1990 ஆம் ஆண்டுகளில் அதன் வேலைகள் தொடங்கியபொழுது, அயலில் வாழ்ந்த மீனவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குருமாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்புக்கு நடுவிலும் கோபுரங்கள் எழுந்தன. உலகத்தின் பல மொழிகளும் அந்தக் கடற்கரையிலிருந்து வானேறின. 2016 ஆம் ஆண்டில் அந்நிலையம் மூடப்பட்டு இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபொழுது அதே கட்டடங்கள் நோயாளரைத் தனிமைப்படுத்தி வைத்துப் பார்க்கும் வைத்தியசாலையாக மாறின. வடக்கே புத்தளத்திலும் தென்னிந்தியா வரையிற் சென்று கேட்கத்தக்க வலிமை வாய்ந்த மத்திய அலைப் பரப்பி ஒன்று நிறுவப்பட்டது. உப்பு நீரும் உப்பூறிய நிலமும் மத்திய அலைக்கு வழுக்குப் பாதை போன்றவை. உப்பளங்களின் ஊரை அதற்குத் தெரிந்தெடுத்தது பொருத்தமே.

இத்தகைய கோபுரங்களைக் கண்டு பழகிய எமது கரையோர மக்களுக்கு, வானொலி என்பது அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் கையாளும் பொருள் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. எமது மாணவரிடம், “இலங்கையில் வானொலியைத் தொடக்கியவர் யார்?” என்று கேட்டால், “அரசாங்கம்” என்றே பெரும்பாலும் விடை வருகிறது. அது முழுப் பிழையன்று; ஆனால் முழு உண்மையுமன்று. ஒரு பொறியியலாளரின் உத்தியோகமும், அவரும் அவருடைய நண்பர் சிலரும் ஊதியம் எதிர்பாராது கொண்டிருந்த பேரார்வமும் ஒன்றையொன்று சந்தித்த இடத்திலேதான் இலங்கை வானொலி பிறந்தது. அவருடைய பெயர் எட்வேர்ட் ஹாப்பர்.

ஹாப்பர் 1921 ஆம் ஆண்டில் இலங்கைத் தந்திக் கந்தோரின் பிரதம பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்தார். தந்திப் பொறியியலாளருக்கு அந்நாளில் இருந்த வேலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். காடும் மேடும் தாண்டிச் செல்லும் கம்பிகள் அறாமற் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஆள் அனுப்ப வேண்டும். பற்றரிகளைப் பேண வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். இவையெல்லாம் சம்பளத்திற்குரிய கடமைகள். கம்பியில்லாமல் இசையையும் பேச்சையும் பொதுமக்களின் வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று எவரும் அவரைப் பணிக்கவில்லை. இங்கிலாந்தில் பி.பி.சி. தோன்றியதே 1922 ஆம் ஆண்டில்தான். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1923 இல், கொழும்புப் பிரதம தந்திக் கந்தோரின் ஒரு சிறிய அறையிலிருந்து ஹாப்பரும் அவருடைய பொறியியலாளரும் இசைத்தட்டுச் சங்கீதத்தைப் பரிசோதனையாக ஒலிபரப்பினர்.

அந்தப் பரப்பி எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கதையிற் சுவையான பகுதி. புதிய கருவி வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புக்களை எடுத்து, அவற்றைக் கொண்டே தந்தித் திணைக்களத்தார் ஒரு சிறிய பரப்பியைப் பொருத்தினர். வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடிப்பதற்குச் செய்தி வாங்கிய உறுப்புக்கள் கொழும்பில் இருந்துகொண்டு பாட்டுப் பாடின! வாளை அடித்து ஏர்முனையாக்குவது பற்றிப் பெரியோர் சொல்வர். அதனைச் செய்துகாட்டிய பொறியியலாளர் சிலரே.

கேட்டவர் யார்? அவர்களும் பெரும்பாலும் ஆர்வலர்களே. அக்காலத்து ஏற்கும் கருவி இன்றைய வானொலிப் பெட்டியைப் போன்றதன்று. உள்ளங்கையளவு பலகை, அதன்மேல் ஒரு கம்பிச் சுருள், ஈயக் கனிப்பொருளாகிய கலீனா என்னும் பளிங்கின் ஒரு சிறு துண்டு, அப்பளிங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மெல்லிய கம்பி. அக்கம்பியைப் பூனை மீசை என்று வெள்ளைக்காரர் அழைத்தனர். பளிங்கின் எந்த இடத்தில் மீசை தொட்டால் ஓசை எழும் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. பொறுமையோடு தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். வானிலிருந்து வந்த அலையின் வலிமையே செவிக்குழாயை இயக்கியது. ஒருவர் மட்டுமே கேட்கலாம். வீட்டிலுள்ள ஏனையோரும் கேட்க விரும்பினால், செவிக்குழாயை ஒரு வெறும் பாத்திரத்தினுள் வைத்துச் சுற்றி அமர்ந்து காது கொடுப்பது அந்நாளில் உலகெங்கும் நிலவிய வழக்கம்.

ஹாப்பரை ஒரு நல்ல உத்தியோகத்தர் என்று சொல்லி நிறுத்திவிட எமக்கு மனமில்லை. அவர் ஆங்கிலேயரும் இலங்கையருமான வானொலி ஆர்வலர்களை ஒன்றுசேர்த்து ‘இலங்கை வயர்லெஸ் கழகம்’ என்ற சங்கத்தை நிறுவினார். ஆண்டானும் அடிமையும் என்றிருந்த குடியேற்ற ஆட்சிக் காலத்தில், பதவியும் நிறமும் பாராமல், கம்பி சுற்றத் தெரிந்தவர் எவரோ அவர் உறுப்பினர் என்ற அடிப்படையில் ஒரு கழகம் கூடியது சிறிய செய்தியன்று. கந்தோரிற் பிரதம பொறியியலாளர் ஆணையிடலாம். கழகத்தில் அவர் ஆணை செல்லாது. அங்கே ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பது, அவருடைய கருவி நன்றாக வேலை செய்வதனாலேயே. தொண்டர்களுக்குத் தலைமை தாங்குவதன் அருமை இதிலே அடங்கியிருக்கிறது. சம்பளத்தை நிறுத்துவேன் என்று வெருட்ட முடியாத இடத்தில் ஒருவர் தலைவராய் நீடிப்பது எளிதா?

பரிசோதனை பயன் தந்தது. 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16 ஆம் நாள், தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் ஒழுங்கான ஒலிபரப்புச் சேவையைத் தொடக்கிவைத்தார். ஆசியாவிலேயே மிகப் பழைமையான வானொலி நிலையங்களுள் ஒன்று இவ்வாறு உருப்பெற்றது. இலங்கை ஒலிபரப்பின் தந்தை என்று ஹாப்பரை வரலாற்றாசிரியர் அழைக்கின்றனர். (ஒரு புதினம்: அதே டிசெம்பர் 16 ஆம் நாளன்று இங்கிலாந்தில் ஒரு சிறுவனுக்கு எட்டு வயது நிறைந்தது. 1945 இல், பூமியைச் சுற்றிவரும் செய்மதிகளின் வழியாக உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் எழுதியவரும், 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி 2008 இல் இங்கேயே காலமானவருமான ஆதர் சி. கிளாக்தான் அச்சிறுவன்.)

இனிக் கடலைத் தாண்டி அக்கரைக்குச் செல்வோம். ஹாப்பர் கொழும்பில் இசைத்தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையிலே சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற பொறியியலாளரும் அதே வேட்கையுடன் இருந்தார். 1924 ஆம் ஆண்டு மே 16 இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் அவருடைய முயற்சியாலே தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 இல் ஒலிபரப்புத் தொடங்கியது. முதலில் இருந்த பரப்பி 40 வாற்று வலிமையே உடையது. அதாவது, வீட்டு மின்விளக்கு ஒன்றுக்குச் செலவாகும் வலிமை. அதைக் கொண்டு மாலை வேளைகளிற் சங்கீதத்தையும் சொற்பொழிவுகளையும் அனுப்பினர்.

ஆனால் இரு கரைகளுக்கும் ஒரு வேற்றுமை இருந்தது. கொழும்பில் ஆர்வலர்களுக்குப் பின்னால் தந்தித் திணைக்களம் நின்றது. சென்னைக் கழகமோ உறுப்பினரின் சந்தாப் பணத்தை நம்பி நின்றது. எந்தச் சங்கத்திலும் பொருளாளராய் இருந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. 1927 ஆம் ஆண்டு ஒக்டோபரில் பண முட்டுப்பாட்டினால் ஒலிபரப்பு நின்றுபோயிற்று. இவ்விடத்திலேதான் செட்டியாருடைய கழகத்தின் பெருந்தன்மை புலப்படுகிறது. பரப்பியை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டுக் கலைந்து போகாமல், அதனைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஆம் ஆண்டு ஏப்பிரல் 1 முதல் தன் சொந்த ஒலிபரப்பை நடத்தியது. மெரீனாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற மக்கள் மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்டனர். 1938 ஆம் ஆண்டு ஜூன் 16 இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரையில் இந்த ஏற்பாடு நீடித்தது. அந்தப் பத்தாண்டுக் காலத் தமிழ் ஒலிபரப்புக்கு விதை போட்டவர்கள் சந்தா கட்டிய ஆர்வலர்கள் என்பதை இன்று நினைப்பவர் மிகச் சிலரே.

‘அமெச்சூர்’ என்ற சொல்லை எம்மவர் சற்று இளக்காரமாகவே வழங்குகின்றனர். ‘அமெச்சூர் நாடகம்’ என்றால் வசனம் மறந்து நிற்கும் நாடகம் என்று பொருளாகிவிட்டது! அச்சொல் இலத்தீன் மொழியில் ‘அன்பு செய்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது. தமிழில் நாம் வழங்கும் ஆர்வலர் என்பதும் அதே கருத்துடையதே. வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் அச்சொல்லை ஆண்டிருப்பதை மாணவர் நினைவுகூர்க. வானொலி ஆர்வலருக்கு உலகம் வகுத்திருக்கும் விதியும் அதற்கேற்றதே. பணவருவாயைக் கருதாமல், தாமே கற்கவும் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளவும் தொழில்நுட்பத்தை ஆராயவும் மட்டுமே அவர் பரப்பியை இயக்கலாம். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு ஒலிபரப்பக்கூடாது, இரகசியக் குறிமொழி வழங்கக்கூடாது. பேசுமுன் தன் அழைப்புக் குறியைச் சொல்லித் தன்னை அடையாளங் காட்ட வேண்டும். ஆங்கில ஆட்சிக் காலத்தில் இலங்கையரின் குறி ‘வி எஸ் 7’ என்று தொடங்கியது. சுதந்திரத்தின் பின்னர் ‘4 எஸ் 7’ ஆயிற்று. இந்தியருடையது ‘வி யு’ என்று தொடங்கும். இவ்வார்வலரை உலகெங்கும் ‘ஹாம்’ என்று செல்லமாக அழைப்பர்.

தொண்டர் தலைமைக்கு உலகறிந்த உதாரணம் வேண்டுமானால், அமெரிக்கராகிய ஹைரம் பேர்சி மாக்சிம் என்ற பொறியியலாளரைக் காட்டலாம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன் அவர். தந்தை துப்பாக்கிக்கு வேகம் கொடுத்தார். மகனோ துப்பாக்கியின் சத்தத்தை அடக்கும் கருவியைச் செய்தார்! 1914 ஆம் ஆண்டில் அவர் ஹாட்பேட் என்ற நகரிலிருந்து ஸ்பிரிங்பீல்ட் என்ற நகருக்குச் செய்தி அனுப்ப முயன்றார். தூரம் அதிகமில்லை, ஆயினும் அவருடைய கருவிக்கு எட்டவில்லை. நடுவழியில் இருந்த மற்றோர் ஆர்வலரை அழைத்து, செய்தியை வாங்கி அப்பால் அனுப்பும்படி கேட்டார். செய்தி போய்ச் சேர்ந்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தண்ணீர் வாளி மாறுவது போல, நாடு முழுவதும் செய்தியைக் கைமாற்றிக் கொண்டுசெல்லலாமே என்ற எண்ணம் அவருக்கு அப்பொழுது உதித்தது. அவ்வாண்டே அவர் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தை நிறுவினார். 1925 இல் பாரிஸ் நகரில் உலக ஆர்வலர் ஒன்றியம் தோன்றியபொழுது அதற்கும் அவரே முதல் தலைவர். 1936 இல் இறக்கும்வரை அத்தலைமையை ஊதியமின்றி வகித்தார்.

இவ்வார்வலர்களின் கைக்கு எட்டிய பெரும்பேறு ஒன்றுண்டு. அதுவும் ஓர் அவமதிப்பின் வழியாகவே வந்தது. 1912 இல் அமெரிக்கச் சட்டம், 200 மீற்றருக்கு மேற்பட்ட நீண்ட அலைகளைக் கடற்படைக்கும் கம்பனிகளுக்கும் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழ்ப்பட்ட குறுகிய அலைகளை ஆர்வலருக்குத் தள்ளிவிட்டது. குறுகிய அலை தூரம் செல்லாது என்பது அறிஞரின் கணிப்பு. வீட்டில் உடைந்த பாத்திரத்தைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பது போன்ற செயல். பிள்ளைகள் அதில் விருந்து சமைத்துவிட்டனர்! 1923 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலுவாவும் அமெரிக்காவிலிருந்த பிரெட் ஷ்னெல்லும், ஏறக்குறைய 110 மீற்றர் அலையில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி ஒருவரோடொருவர் உரையாடினர். ஹாப்பர் கொழும்பில் பரிசோதனை நடத்திய அதே ஆண்டு அது. வானின் மேற்பரப்பில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயன மண்டலம் குறுகிய அலைகளைக் கண்ணாடி போலத் திருப்பி நிலத்துக்கு அனுப்புகிறது. அலை பூமிக்கும் வானுக்கும் இடையே துள்ளித் துள்ளிக் கண்டங்களைக் கடக்கிறது. பின்னாளில் இலங்கை வானொலி இந்தியா முழுவதும் வீட்டுக்கு வீடு கேட்டதும், இரணவிலையில் கோபுரங்கள் எழுந்ததும், அன்று பயனற்றதென்று தள்ளப்பட்ட இந்தச் சிற்றலைகளின் வலிமையாலேதான்.

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் ஆர்வலரின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. போருக்குப் பின் இராணுவத்தின் பரப்பிகள் இலங்கைக்குக் கிடைத்தன. 1949 இல் ‘இலங்கை வானொலி’ என்ற பெயர் நிலைத்தது. 1967 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அதன் புகழை இங்கு விரிக்க இடமில்லை, தேவையுமில்லை. எமது வாசகர்களின் தாய் தந்தையரே அதற்குச் சாட்சி. ஒலிபரப்பு பெரிய தொழிலாய் வளர்ந்தபொழுது ஆர்வலர் ஒதுங்கிக்கொண்டனர். எனினும் அவர்கள் மறைந்துவிடவில்லை.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாளை எமது நாட்டில் எவர் மறப்பார்? அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கிழக்கிலும் தெற்கிலும் தொலைபேசித் தூண்கள் சாய்ந்தன. எஞ்சிய கைத்தொலைபேசிக் கோபுரங்களும் ஒரே வேளையில் எல்லோரும் அழைத்தமையால் திணறிப் போயின. அம்பாந்தோட்டையில் என்ன நடந்தது, எவ்வளவு பேர் இருக்கின்றனர், எது வேண்டும் என்று கொழும்பு அறிய வழியில்லை. அப்பொழுது இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராய் இருந்தவர் விக்டர் குணதிலக்க. சிற்றலை வானொலியைக் கேட்டு ஆராய்வதில் உலகறியப் பெயர் பெற்றவர். அவருடைய அழைப்புக் குறி ‘4 எஸ் 7 வி கே’. சங்கத்தின் உறுப்பினர் சிலர் சிற்றலைக் கருவியையும் பற்றரிகளையும் கம்பிகளையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அம்பாந்தோட்டைக்குச் சென்றனர். இன்னொரு நிலையம் கொழும்பில், பிரதம மந்திரியின் வாசத்தலமாகிய அலரி மாளிகையின் அனர்த்தச் செயற்கூடத்திலேயே அமைக்கப்பட்டது. இரு முனைகளும் இணைந்தன. அம்பாந்தோட்டையிலிருந்து செய்திகள் அரசாங்கத்தை நேரே எட்டின.

இதில் அதிசயம் எதுவுமில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஒரு மோட்டர் வண்டியின் 12 வோல்ற்றுப் பற்றரி. நூறு வாற்று அளவிலான கருவி. மரத்துக்கு மரம் கட்டிய ஒரு கம்பி. கம்பியை அதிக உயரத்தில் கட்டாமல் தாழக் கட்டினால், அலை ஏறக்குறைய நேரே மேலெழுந்து, அயன மண்டலத்திற் பட்டு, குடை விரிந்தாற்போலச் சுற்றியுள்ள இருநூறு முந்நூறு கிலோமீற்றருக்குள் மழையாய் இறங்கும். இலங்கை போன்ற தீவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நடுவிலே கோபுரம் வேண்டாம், ஆழ்கடற் கம்பி வேண்டாம், கணக்குப் பட்டியல் அனுப்பும் கம்பனி வேண்டாம். கருவிகள் எளியவை, அரியது, அவற்றை அந்த நேரத்தில் கையாளத் தெரிந்த மனிதர். அம்மனிதர்கள் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீண் வேலை பார்க்கிறார்கள் என்று அயலவராற் கேலி செய்யப்பட்டவர்களாய் இருந்திருக்கலாம்.

அதே நாளில் அந்தமான் தீவிலும் ஒரு பெண்மணி இதே பணியில் இருந்தார். டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் ஆர்வலர், பல ஆண்டுகளாக வானொலி ஆர்வலரின் குரலே எழாதிருந்த அத்தீவிலிருந்து உலகோடு பேசுவதற்கு அனுமதி பெற்று, ஒரு குழுவினருடன் போட் பிளேயர் சென்று விடுதியொன்றில் நிலையம் வைத்திருந்தார். பேரலை வந்தது. பொழுதுபோக்கு நிலையம் அந்தக் கணமே அவசர நிலையமாயிற்று. நிலப்பரப்பிலுள்ளோர் தம் உறவினரைப் பற்றி விசாரித்த செய்திகள் அவருடைய கருவியின் வழியே போய்வந்தன. நல்வாய்ப்பு என்று சொல்லலாம். ஆனால் ஆயத்தமாயிருந்தவர் வீட்டுக் கதவைத்தான் நல்வாய்ப்பும் தட்டியது.

இனி எமது கரைக்குத் திரும்புவோம். உடப்பிலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை! கரைவலை இழுப்போர் கரைக்கு அண்மையிலே நிற்பர். ஆனால் இயந்திரப் படகில் ஆழ்கடலுக்குச் செல்வோருக்குக் கரை மறைந்த சிறிது நேரத்தில் கைத்தொலைபேசி ஓய்ந்துவிடுகிறது. படகுகளில் வைக்கும் மிகவுயர் அலைக் கருவிக்கும் ஓர் எல்லையுண்டு. அது பார்வைக் கோட்டில் மட்டுமே செல்லும். கரையில் 10 மீற்றர் உயரக் கம்பமும் படகில் 3 மீற்றர் உயரக் கம்பியும் இருந்தால், பூமியின் வளைவு காரணமாக, ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்கு அப்பால் ஒருவரை ஒருவர் காண முடியாது. கம்பத்தை உயர்த்தினால் தூரம் கூடும். எனினும் இருமடங்கு தூரத்திற்கு இருமடங்கு உயரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். இக்கணக்கை உயர்தர வகுப்பு மாணவன் எவனும் போடுவான். அவனுடைய தந்தையின் படகுக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள உறவை அவனுக்கு எடுத்துக்காட்டுவாரைத்தான் காணோம்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்கிவிடல் வேண்டும். ஆர்வலருக்கு ஒதுக்கிய அலைகளை மீன்பிடித் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடந்தராது. கடற்றொழிலுக்கென வேறு அலைகள் உண்டு. எமது ஊர்ப் பிள்ளைகள் ஹாம் ஆனால் அப்பாவின் படகோடு தினமும் பேசலாம் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுக்குக் கிடைப்பது வேறொன்று: அலை எவ்வாறு செல்கிறது, ஏன் ஒரு வேளை கேட்டு இன்னொரு வேளை மறைகிறது, கருவி பழுதானால் எங்கே பார்ப்பது என்ற அறிவு. அந்த அறிவுடைய பத்துப் பேர் ஒரு கரையோர ஊரில் இருந்தால், புயலடித்துத் தொலைபேசி அறும் இரவில் அந்த ஊர் ஊமையாகாது.

இரணவிலையின் கோபுரங்கள் ஓய்ந்ததை எண்ணும்பொழுது எமக்கு ஒரு வருத்தம் உண்டு. அது அமெரிக்காவின் குரல் நின்றமைக்கானதன்று. அத்தனை ஆண்டுகள் பெரும் பரப்பிகள் எமது மாவட்டத்தில் இயங்கியும், அவற்றின் நிழலில் ஒரு பாடசாலை வானொலிக் கழகமேனும் வேர்கொண்டு நிலைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பெரிய கோபுரத்தைப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஹாப்பருடைய சிறிய அறையோ கதவைத் திறந்து ஆட்களை உள்ளே அழைத்தது.

உரிமம் பெறுவது எங்ஙனம் என்று மாணவர் கேட்பர். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே உரிமம் வழங்குகிறது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. மின்னியலின் அடிப்படை, கருவியின் அமைப்பு, விதிமுறைகள் ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். விஞ்ஞானம் படிக்கும் மாணவருக்கு அவை புதியவையல்ல. தந்தி மொழியாகிய மோர்ஸ் முன்னர் உலகெங்கும் சிற்றலை ஆர்வலருக்குக் கட்டாயமாய் இருந்தது. 2003 ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில் அந்தச் சர்வதேசக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆயினும் மோர்ஸ் கற்பது நன்று. பேச்சுக் குரல் இரைச்சலில் மூழ்கிப் போகும் வேளையிலும் புள்ளியும் கோடும் பிழைத்து வந்து சேரும். பரப்பியை உரிமமின்றி வைத்திருப்பதும் இயக்குவதும் குற்றம் என்பதை மட்டும் இளைஞர் நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

கேட்பதற்குப் பரீட்சை வேண்டியதில்லை. சிற்றலையின் தனிப்பேச்சைப் பிரித்தறியவல்ல ஓர் ஏற்கும் கருவியை நான்கைந்து மாணவர் கூடி வாங்கலாம். அப்புறம் கம்பி. ஆர்வலர் மிகுதியாய்க் கூடும் இடங்களுள் ஒன்று 7.0 மெகாஹேற்ஸ் முதல் 7.2 வரையுள்ள பகுதி. அதனை 40 மீற்றர்ப் பட்டை என்பர். 300 ஐ 7.1 ஆல் வகுத்தால் அலையின் நீளம் ஏறக்குறைய 42 மீற்றர். அதன் பாதி 21. உலோகக் கம்பியில் அலை சற்றே தாமதித்துச் செல்வதால் இருபதிலொரு பங்கைக் கழித்துவிட வேண்டும். ஆகவே 20 மீற்றர். சாதாரண மின்கம்பியை 10 மீற்றர் அளவான இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு சிறு பிளாஸ்ரிக் துண்டால் பிரித்து, அங்கிருந்து இறங்கும் வடத்தைக் கருவியோடு பொருத்தினால் போதும். இரு நுனிகளிலும் நைலோன் கயிறு கட்டி இரண்டு தென்னைகளுக்கிடையே இழுத்துவிடலாம். தென்னைக்கு எமது மாவட்டத்திற் பஞ்சமா? மின்சாரக் கம்பி செல்லும் பக்கத்தைத் தவிர்க்க. இடிமுழக்கம் கேட்டதும் வடத்தைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுக.

பகல் வேளையில் அந்தக் கம்பியில் எமது தீவின் ஆர்வலரும் தென்னிந்தியரும் பேசுவது கேட்கும். தமிழும் மலையாளமும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வரும். வெயில் சாய்ந்து புத்தளக் களப்பு செம்மை பூணும் வேளையில், வானத்தின் கீழ்ப்படை கலைந்து, அண்மைக் குரல்கள் ஒவ்வொன்றாய் மங்கும். அவற்றின் இடத்தில் இந்தோனேசியாவும் யப்பானும், இரவு முற்றிய பின் ஐரோப்பாவும் மெல்ல மெல்ல எழுந்து வரும். முதல் நாள் ஒன்றுமே கேட்காமற் போனால், பளிங்கின் மேல் பூனை மீசையைத் தடவிக்கொண்டிருந்தவர்களை நினைத்து மறுநாள் மாலையும் கம்பியின் கீழ் அமர்க.